சாம்பற் பாதையில் ஓர் இயந்திரம்

நம் பாடசாலைகளிற் கைத்தொழிற் புரட்சியைப் படிப்பிக்கும்போது, ஜேம்ஸ் வாட்டையும் கொதிக்கும் கேத்தலையும் பற்றிய கதையைச் சொல்லாது விடும் ஆசிரியர் அரிது. கேத்தலின் மூடி எழுந்து விழுவதைச் சிறுவன் ஒருவன் கண்டான். உலகை மாற்றிய நீராவி இயந்திரம் பிறந்தது. கதை அழகானது; மாணவர் மனத்தில் எளிதிற் பதிவது. ஆயின் வாட் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நியூகொமன் அமைத்த நீராவி இயந்திரங்கள் இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தன என்பதை அது மறைத்துவிடுகிறது. மறைந்துபோவது நியூகொமனின் பெயர் மட்டுமன்று. அவ்வியந்திரங்களை வார்த்தும் பொருத்தியும் பழுதுபார்த்தும், அவற்றின் குறைகளை நாள்தோறும் தம் கைகளாலேயே கண்டறிந்த எண்ணற்ற தொழிலாளரும் உடன் மறைந்துபோகின்றனர்.

ஓர் இயந்திரத்தை ஆக்குவோர் யார் என்னும் இவ்வினாவை நீராவி எஞ்சின் போன்ற பெரும் பொருளொன்றை வைத்து ஆராய்வது கடினம். காலமும் நீண்டது, கைகளும் பல. சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டால் உண்மை தெளிவாகப் புலப்படும். ஸ்பீட்வே எனப்படும் பந்தயத்துக்கென்றே உருவான மோட்டார் சைக்கிள் அத்தகையது. அதன் பிறப்பும் வளர்ச்சியும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவன. அதன் உறுப்புகள் சொற்பம். கியர் பெட்டி இல்லை, விளக்கு இல்லை, பிரேக்கும் இல்லை. சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்து, எஞ்சியதைக் கொண்டே வளர்ந்த விசித்திரமான இயந்திரம் அது.

பந்தயத்தின் முறையை முதலிற் கூறிவிடல் நன்று. முட்டை வடிவமான மண்பாதை. சுற்றொன்று முந்நூறு அல்லது நானூறு யார் நீளம். நால்வர் இடப்புறமாக நான்கு சுற்று ஓடுவர். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வளைவுகளில் வேகத்தைக் குறைத்துத் திரும்புவதே சாலையின் வழக்கம். ஸ்பீட்வே ஓட்டுநரோ வளைவுக்கு வந்ததும் எஞ்சினின் வேகத்தைக் கூட்டுகிறார். பின்சில்லு பிடியிழந்து வெளிப்புறமாக வழுக்குகிறது. பாதை இடப்புறம் வளைய, முன்சில்லோ வலப்புறம் நோக்கித் திரும்பியிருக்கிறது. இயந்திரம் முழுவதும் பக்கவாட்டிற் சரிந்தபடி, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வளைவைக் கடக்கிறது. இடது பாதத்தில் மாட்டிய இரும்புக் காலணி தரையைத் தேய்த்துக்கொண்டு செல்கிறது. வழுக்குதலே திரும்புதலாகவும், அதுவே ஓரளவு வேகத்தடையாகவும் அமைந்துவிடுவதால் பிரேக்குக்கு அங்கே வேலையில்லை. நெருக்கமாக ஓடும் நால்வரில் ஒருவர் திடீரெனப் பிரேக் பிடிப்பாராயின் பின்னால் வருபவர் அவர்மீது ஏறிவிடுவார். ஆகவே அது தடை செய்யப்பட்டதுமாகும்.

இப்பந்தயத்துக்கும் ஒரு கேத்தற் கதை உண்டு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள மெயிட்லண்ட் என்னும் ஊரிலே, விவசாயக் கண்காட்சிச் சங்கமொன்றின் செயலாளராக இருந்தவர் ஜோனி ஹொஸ்கின்ஸ், நியூசிலாந்திற் பிறந்தவர். சங்கத்தின் பணப்பெட்டியை நிரப்பும் நோக்குடன், 1923 டிசெம்பர் 15 ஆந் திகதி இரவு, மின்விளக்கொளியில் அவர் நடத்திய களியாட்ட விழாவில் மோட்டார் சைக்கிள்களும் கண்காட்சித் திடலைச் சுற்றி ஓடின. அன்றே ஸ்பீட்வே பிறந்தது என்பர். அவ்விழா நடந்தது உண்மை. ஹொஸ்கின்ஸ் திறமைமிக்க ஏற்பாட்டாளர் என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் கிராமியக் கண்காட்சித் திடல்களில், குதிரைப் பந்தயத்துக்கென அமைத்த மண்பாதைகளில், மோட்டார் சைக்கிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்சில்லை வழுக்கவிட்டு வளையும் வித்தையும் அங்கே தெரிந்திருந்தது. அமெரிக்க முதலாளிகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, செங்குத்தாகச் சரிந்த பலகைப் பாதைகளை அமைத்து, பிரேக்கே இல்லாத இயந்திரங்களை அவற்றில் ஓடவிட்டனர். 1912 செப்டெம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவாக் நகரிலிருந்த அத்தகைய பாதையொன்றிலே எடி ஹாஷா என்னும் ஓட்டுநரின் இயந்திரம் விளிம்பு வேலியில் மோதியது. அவரும் மற்றோர் ஓட்டுநரும் இறந்தனர். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவர் சிலரும் இறந்தனர். நுழைவுச்சீட்டு விற்ற பணம் மட்டும் சேதமின்றி இருந்தது.

மெயிட்லண்ட் புதிதாக அளித்தவை சிறிய பாதை, இரவு, மின்விளக்கு என்பனவே. இவையும் தற்செயலானவை அல்ல. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பிரதேசம் அது. பகலில் நிலத்துக்கடியில் உழைப்பவனுக்கு இரவே ஓய்வு நேரம். அவன் பையிலுள்ள சில்லறையைத் தேடிச் செல்லும் கேளிக்கை, அவன் ஓய்ந்திருக்கும் நேரத்திலேதான் நடக்கவேண்டும்.

இதே நியதி இங்கிலாந்தில் இன்னும் விரிவாகச் செயற்பட்டது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர், 1919 ஆம் ஆண்டளவிற் பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் பல தொழில்களில் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேர வேலையை வென்றெடுத்திருந்தன. போராடிப் பெற்ற அந்த மாலை நேரம் முதலீட்டுக்குரிய புதிய நிலமாயிற்று. 1926 இல் மன்செஸ்ரர் நகரின் பெல் வியூவில் மின்முயலைத் துரத்தும் நாய்ப் பந்தயம் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளுக்குள் நகரங்கள்தோறும் விளக்குகளோடு கூடிய அரங்குகள் எழுந்தன. நாய்கள் ஓடாத இரவுகளில் அவ்வரங்குகள் வெறுமையாகக் கிடப்பதை உரிமையாளர் விரும்புவரா? வேறொரு பந்தயம் வேண்டியிருந்தது. அது அவுஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தது.

1928 பெப்ரவரி 19 ஆந் திகதி லண்டனுக்கு அண்மையில் எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச் என்னுமிடத்தில் இல்போட் மோட்டார் சைக்கிள் கழகத்தார் பந்தயம் நடத்தினர். சில ஆயிரம் பேர் வருவரென எதிர்பார்த்த கழகத்தார், பல்லாயிரம் பேர் திரண்டதைக் கண்டு திகைத்துப்போயினர். சனங்கள் பாதையின் உட்புறத்திலும் நின்றனர், மரங்களிலும் ஏறினர். இங்கிலாந்தின் முதலாவது மண்பாதைப் பந்தயம் இதுதானா என்பதில் வழக்கு உண்டு. முந்திய ஆண்டிலேயே கம்பெர்லியிலும் மன்செஸ்ரருக்கு அருகே டிரொயில்ஸ்டனிலும் பந்தயங்கள் நடந்திருந்தன. எனினும் முதலீட்டாளரின் கண்களைத் திறந்தது ஹை பீச்சில் நின்ற கூட்டமே. அவ்வாண்டு முடிவதற்குள் நாடெங்கும் பல பாதைகள் திறக்கப்பட்டுவிட்டன. ஹொஸ்கின்ஸும் அவ்வாண்டே இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

பாதைகளின்மேற் பரப்பிய பொருள் யாது என்பது கவனித்தற்குரியது. தொழிற்சாலைகளின் உலைகளிலிருந்து அள்ளிய நிலக்கரிச் சாம்பலும் கசடுமே அது. பகலில் உலையின் முன் நின்றவன், மாலையில் அதே உலையின் சாம்பல் தன் முகத்தில் வந்து படியும்படி முன்வரிசையில் நின்று ஆரவாரித்தான். லண்டனின் துறைமுகப் பகுதியிலே அமைந்த வெஸ்ட் ஹாம் அரங்குக்கு வந்தோரிற் பெரும்பாலோர் கப்பற்றுறைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமே.

இனி இயந்திரத்துக்கு வருவோம்.

ஹை பீச்சில் ஓடியவை சாதாரணச் சாலை மோட்டார் சைக்கிள்களே. விளக்குகளையும் மண்தடுப்புகளையும் கழற்றிவிட்டு ஓட்டினர். பந்தயத்துக்கெனத் தயாரித்த இயந்திரம் அப்போது பிரித்தானியாவில் இல்லை. ஆனால் அவுஸ்திரேலிய ஓட்டுநர் தம்முடைய பாதைகளில் நான்கைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு கம்பனியின் இயந்திரத்தையும் ஓட்டிப் பார்த்து, விழுந்து, எலும்பு முறிந்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். டக்ளஸ் கம்பனி 1920களின் முற்பகுதியிற் சாலைப் பந்தயங்களுக்கெனச் செய்த 'ஆர். ஏ.' என்னும் மாதிரியே மண்பாதைக்கு மிகவும் ஏற்றது என்பது அம்முடிவு. அதைச் செய்த கம்பனிக்கு அவ்வுண்மை தெரியாது. பிறிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வூட்டில் வார்ப்புப் பட்டறையாகத் தொடங்கிய அந்நிறுவனம், ஜோசப் பார்ட்டர் என்பவர் வகுத்த எஞ்சின் அமைப்பை ஏற்று, 1907 முதல் மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்தது. இரண்டு சிலிண்டர்கள், ஒன்று முன்நோக்கியும் மற்றது பின்நோக்கியும் படுத்திருக்கும். இதனால் எஞ்சினின் பாரம் தரையை ஒட்டித் தாழ்ந்திருந்தது. இரு பிஸ்டன்களும் எதிரெதிராக இயங்கியமையால் அதிர்வு குறைவு. சக்தி சீராக வந்தது. இயந்திரம் நீளமானது, அதன் சட்டம் வளைவிற் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சாலையில் இந்நெகிழ்வு குறையாகும். ஆழமாகச் சாம்பல் கொட்டிய பாதையிலோ அதுவே குணமாயிற்று. இடது காலைப் பின்னே நீட்டி மடக்கி, முழங்கால் தரையைத் தொடுமாறு சாய்ந்து, நீண்ட வில்போல வழுக்கிச் செல்லும் பாணி டக்ளஸுக்கென்றே உருவானது. ஸ்பிரௌட்ஸ் எல்டர் என்னும் அமெரிக்கரும் விக் ஹக்ஸ்லி போன்ற அவுஸ்திரேலியரும் அப்பாணியாற் புகழடைந்தனர்.

ஓட்டுநரின் கண்டுபிடிப்பைக் கம்பனி விரைவில் விற்பனைப் பொருளாக்கியது. 1928 இல் வெளியான 'டி. டி.' என்னும் மாதிரி மண்பாதைக்கென்றே செய்தது. அடுத்த ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின. இதைக் கண்ட ஏனைய கம்பனிகள் சும்மா இருக்குமா? பி. எஸ். ஏ., நோட்டன், சன்பீம், வெலோசெட், ஜேம்ஸ், கவென்றி-விக்டர் என ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் மண்பாதை மாதிரிகளை வெளியிட்டனர். யோர்க்‌ஷயரின் ஸ்கொட் கம்பனி தன்னுடைய இரட்டைச் சிலிண்டர் இருவீச்சு எஞ்சினைப் பாதைக்கு அனுப்பியது. பெல் வியூவில் பிராங்க் வேரி அதனை ஓட்டிப் புகழடைந்தார். அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன், 'பட்டாணித் துப்பாக்கி' என்னும் செல்லப்பெயர் பெற்ற தன் 350 சீ. சீ. இயந்திரத்தை விற்றது. இலேசான அவ்வியந்திரம் தன்னிலும் பெரியவற்றை அடிக்கடி தோற்கடித்தது. ஆயினும் இக்கம்பனிகளிற் பெரும்பாலானவை செய்தது, கையிலிருந்த சாலை எஞ்சினைப் புதிய சட்டமொன்றில் ஏற்றியதே. பாதையைச் சென்று பார்த்து, ஓட்டுநரிடம் கேட்டுச் செய்தவர் சிலரே. எனவே இரண்டு மூன்று ஆண்டுகளில் அம்மாதிரிகள் விலைப்பட்டியல்களிலிருந்து மறைந்தன.

இக்காலத்திற் பெண்களும் ஓட்டினர் என்பது இன்று பலருக்குப் புதுமையாக இருக்கலாம். அயர்லாந்தைச் சேர்ந்த ஃபே டெய்லரும், யோர்க்‌ஷயரைச் சேர்ந்த ஈவா அஸ்க்வித்தும் ஆண்களோடு ஓடினர். ஆண்களை வெல்லவும் செய்தனர். டெய்லர் 1929 இல் அவுஸ்திரேலியா வரை சென்று ஓடினார். 1930 இல் பிரித்தானியப் பாதைகளிற் பெண்கள் ஓடுவது தடை செய்யப்பட்டது. ஒரு பெண் விழுந்து காயமுற்றதே காரணமாகக் காட்டப்பட்டது. ஆண்கள் விழுந்து இறந்தபோதெல்லாம் ஆண்களைத் தடை செய்யவேண்டுமென எவரும் கூறவில்லை. டெய்லரை முற்போக்கின் சின்னமாக்கிவிடவும் நாம் அவசரப்படலாகாது. பின்னாளில் அவர் பாசிசத்தின்பால் அனுதாபங்கொண்டு, 1940 இல் பிரித்தானிய அரசாற் சிறைவைக்கப்பட்டார். ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது என்பதனால் அவர் தேர்ந்துகொண்ட அரசியல் சரியானதாகிவிடாது.

1930 அளவில் டக்ளஸின் ஆட்சி ஆட்டங்காணத் தொடங்கியது. காரணம் மீண்டும் தரையிலேயே இருந்தது. பாதைகளைப் பராமரித்தோர் அனுபவத்தினால் சாம்பலைக் குறைத்துத் தளத்தை இறுக்கினர். ஆழமான சாம்பலில் நீண்டு வழுக்கிய டக்ளஸ், இறுகிய தளத்தில் தன் நீளத்தாலேயே பின்தங்கியது. கவென்றி நகரின் ரட்ஜ்-விட்வேத் கம்பனி இவ்விடைவெளியிற் புகுந்தது. அவர்களுடைய 500 சீ. சீ. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் வழமையான இரண்டு வால்வுகளுக்குப் பதிலாக நான்கு வால்வுகள் இருந்தன. காற்றும் எரிபொருளும் விரைந்து உட்புகுந்து எரிந்து வெளியேறின. 1930 இல் மான் தீவுப் பந்தயங்களிலும் ரட்ஜ் பெரும் வெற்றி பெற்றது. மண்பாதையிலும் டக்ளஸை முந்தியது. ஓட்டுநர் ஒவ்வொருவராக ரட்ஜுக்கு மாறினர்.

ஆனால் அந்த வெற்றிக்கு ஆயுள் ஒரு பருவமே. உலகப் பொருளாதார நெருக்கடி முற்றிய காலம் அது. மோட்டார் சைக்கிள் வாங்கக்கூடிய உழைப்பாளியே வேலையிழந்து தெருவில் நின்றான். 1930களின் தொடக்கத்தில் டக்ளஸ் கம்பனி கைமாறியது. 1933 இல் ரட்ஜ் கடன்பட்டு, கடன்கொடுத்தோர் சார்பான பொறுப்பாளரின் கைக்குச் சென்றது. பந்தயங்களில் வென்ற கோப்பைகள் கம்பனியைக் காப்பாற்றவில்லை.

இப்போதுதான் லண்டனின் டொட்டன்ஹாம் பகுதியிலிருந்த ஓர் எஞ்சின் தொழிற்சாலை அரங்குக்கு வருகிறது. ஜோன் அல்பிரெட் பிரெஸ்ற்விச் என்பவர் 1890களிற் சிறு பட்டறையாகத் தொடங்கியது அது. ஆரம்பத்தில் விஞ்ஞானக் கருவிகளையும் சினிமாப் படக்கருவிகளையும் செய்த பட்டறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களுக்கு மாறியது. பிரெஸ்ற்விச்சின் பெயரின் முதலெழுத்துகளான ஜே. ஏ. பி. என்பதே எஞ்சினின் பெயராயிற்று. அவர்களுடைய வியாபாரம் முழு மோட்டார் சைக்கிளிலன்றி எஞ்சினிலேயே தங்கியிருந்தது. அதைப் பல கம்பனிகளுக்கு விற்றனர். பெரிய விளம்பரங்களும் பந்தய அணிகளும் கொண்ட கம்பனிகளுக்கு வாய்க்காத வெற்றி இவர்களுக்கு வாய்த்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

லண்டனின் ஸ்ரம்போட் பிறிட்ஜ் அணியில் ஓடிய வால் பிலிப்ஸ் என்னும் ஓட்டுநரும், தொழிற்சாலையின் பொறியியலாளரான ஸ்ரான் கிறீனிங்கும் 1930 இல் ஒரு புதிய எஞ்சினை உருவாக்கும் முயற்சியில் இணைந்தனர். பாதையிற் கண்ட குறை பட்டறைக்குச் சென்றது. பட்டறையிற் செய்த திருத்தம் பாதைக்கு வந்தது. இவ்வாறு பிறந்த எஞ்சின் தோற்றத்தில் மிக எளியது. ஒரே சிலிண்டர், இரண்டு வால்வுகள். சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீற்றர், பிஸ்டனின் வீச்சு 99 மில்லிமீற்றர். ரட்ஜின் நான்கு வால்வுகளோடு ஒப்பிடும்போது இது பிற்போக்கான அமைப்பே. ஆனால் அது இலேசானது. தாழ்ந்த வேகத்திலேயே பலமாக இழுக்கும். எளிதிற் கழற்றிப் பூட்டக்கூடியது. கட்டையான சட்டத்தில் அது அடங்கியது. இதனால் ஓட்டுநரின் உடல்நிலையே மாறிற்று. காலைப் பின்னே இழுத்த பழைய பாணி போய், இடது காலை முன்னே நீட்டி நிமிர்ந்து ஓட்டும் பாணி வந்தது. இயந்திரம் மனிதனின் தேவைக்கேற்ப மாறியது. பின்னர் மனிதன் இயந்திரத்தின் தேவைக்கேற்ப மாறினான்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பீட்வே எஞ்சின் பெற்றோலில் ஓடுவதன்று. மெதனோல் என்னும் அற்ககோலில் ஓடுவது. மெதனோல் ஆவியாகும்போது எஞ்சினின் வெப்பத்தை வெகுவாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அமுக்க விகிதத்தை மிகவும் உயர்த்தினாலும் எஞ்சின் உருகிப்போவதில்லை. உராய்வைத் தணிக்க இட்டது ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட எண்ணெய். கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு விலகாத தன்மை அதற்குண்டு. நம் வீடுகளிற் பிள்ளைகளின் வயிற்றைக் கழுவப் பயன்பட்ட அதே எண்ணெய்தான். எஞ்சினுள் ஒருமுறை ஓடிய எண்ணெய் திரும்பத் தொட்டிக்கு வராது, வெளியே சிதறிவிடும். எரிந்த ஆமணக்கெண்ணெயின் மணம் ஸ்பீட்வே அரங்கின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1931 முதல் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் ஜே. ஏ. பி. எஞ்சினே ஸ்பீட்வேயை ஆண்டது. 1936 செப்டெம்பர் 10 ஆந் திகதி வெம்பிளி அரங்கில், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் நடந்த முதலாவது உலகச் சம்பியன் போட்டியில் அவுஸ்திரேலியரான லயனல் வான் பிராக் வென்றதும் இவ்வெஞ்சினைக் கொண்டே. பிரெஸ்ற்விச் எஞ்சினை மட்டும் விற்றமையால் சட்டம் செய்வோர் வேறாகத் தோன்றினர். ஜோர்ஜ் வாலிஸ் வகுத்த சட்டங்களைக் கொமர்போட் என்னும் கடைக்காரர் விற்றனர். போருக்குப்பின் ரொட்ராக்ஸ், ஸ்ரார்றைட் முதலிய பெயர்கள் வந்தன. ஸ்ரார்றைட்டைச் செய்த மைக் எர்ஸ்கின் தாமே ஓட்டுநராக இருந்தவர். சிறு கராஜ்களிலும் வீட்டுக் கொட்டில்களிலும் குழாய் வளைத்து ஒட்டிய வேலை இது. தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினை அப்படியே பூட்டி ஓடியவர் வெல்வதில்லை. அதை முற்றாகப் பிரித்து, பிஸ்டனை உரசி, வால்வுகளைத் தீட்டி, பாரத்தைச் சமன்செய்து மீண்டும் பூட்டும் மெக்கானிக் ஒருவர் ஒவ்வொரு நல்ல ஓட்டுநரின் பின்னாலும் இருந்தார். அவருடைய பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சாவதில்லை. தாங்கியிற் பொறித்திருந்தது ஜே. ஏ. பி. என்னும் மூன்று எழுத்துகள் மட்டுமே.

விலை கொடுத்தவர் யார் என்பதையும் கூறாது விடமுடியாது. 1933 இல் சம்பியனான டொம் ஃபார்ண்டன் தம் காலத்தின் அதிவேக ஓட்டுநராகக் கருதப்பட்டவர். 1935 ஆகஸ்ட் மாத இறுதியில் லண்டனின் நியூ குரொஸ் பாதையில், முன்னே விழுந்த சக ஓட்டுநரின் இயந்திரத்தில் மோதி வீசப்பட்டார். இரண்டு நாட்களின் பின் இறந்தார். வயது இருபத்தைந்தும் நிரம்பியிருக்கவில்லை. மறுவாரமும் பந்தயங்கள் நடந்தன. ஓட்டுநருக்குக் கிடைத்த ஊதியம் சாதாரணத் தொழிலாளியின் ஊதியத்தைவிடப் பலமடங்கு என்று அரங்க உரிமையாளர் சொல்வதுண்டு. நட்சத்திரங்களைப் பொறுத்தவரை அது பொய்யன்று. ஆயின் புள்ளிக்கு இவ்வளவு எனக் கணக்கிட்ட அவ்வூதியம், கால் முறிந்து படுத்திருக்கும் மாதங்களில் வராது. சிற்றூர் அணிகளில் ஓடியோர் பகலில் வேறு தொழில் செய்தே பிழைத்தனர். போருக்குப் பின்னர் சனங்கள் முன்னெப்போதும் இல்லாத அளவிற் பாதைகளை நிறைத்தபோது, காற்பந்து முதலிய விளையாட்டுகளுக்கு விதித்ததைவிடக் கூடிய களியாட்ட வரியை அரசு ஸ்பீட்வேக்கு விதித்தது. தொழிலாளியின் மாலை நேரத்தில் அரசும் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே எஞ்சின் ஆண்டமை அதன் சிறப்பினால் மட்டும் என்று கொள்வது பிழையாகும். சந்தை சிறியது, போட்டியில்லை, வாங்குவோருக்கு வேறு வழியில்லை. ஆகவே பெரிய மாற்றம் எதையும் செய்யும் அவசியம் டொட்டன்ஹாமுக்கு எழவில்லை. கூடிய சக்தி வேண்டுமாயின் ஓட்டுநரும் மெக்கானிக்கும் தம் செலவிலேயே அதனைத் தேடிக்கொண்டனர். கம்பனி பழைய அச்சிலேயே வார்த்துக்கொண்டிருந்தது. தனியுரிமை நிலவுமிடத்தில் தொழில்நுட்பம் உறங்கிவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. பிரெஸ்ற்விச் 1952 இல் காலமானார். 1957 இல் அவருடைய நிறுவனத்தை வில்லியர்ஸ் கம்பனி விழுங்கியது.

உறக்கம் கலைந்தது எதிர்பாராத திசையில். போருக்குப் பிந்திய செக்கோஸ்லோவாக்கியாவிலும் ஸ்பீட்வே இருந்தது. ஆனால் லண்டனிலிருந்து எஞ்சினையும் உதிரிப்பாகங்களையும் வாங்குவது அங்குள்ளோருக்கு மிகக் கடினமாயிருந்தது. டிவிஷோவ் என்னும் சிற்றூரிலே யாரொஸ்லாவ் சிமாண்டில் என்ற ஓட்டுநர், கிடைக்காததைத் தாமே செய்யத் துணிந்தார். முதலிற் செய்தது ஜே. ஏ. பி.யைப் பார்த்துச் செய்த பிரதியே. எசோ எனப் பெயரிட்டனர். சீட்டுக்கட்டில் உள்ள 'ஏஸ்' என்பதற்குச் செக் மொழியில் வழங்கும் சொல் அது. ஆனால் பிரதியோடு நின்றுவிடவில்லை. பின்னர் வந்த எசோவில் சிலிண்டரின் விட்டம் 88 மில்லிமீற்றராக அகன்று, வீச்சு 82 மில்லிமீற்றராகக் குறுகியது. வீச்சுக் குறுகவே எஞ்சின் முன்னிலும் வேகமாகச் சுழலக்கூடியதாயிற்று. சக்தி 45 பரிவலுவை எட்டியது. அத்துடன், பிரித்துப் பூட்டாமலே ஓடக்கூடியதாக, முழு இயந்திரமும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தது.

பிரித்தானிய ஓட்டுநர் சிலகாலம் இதனை ஏளனமாகவே பார்த்தனர். சோவியத் ஓட்டுநரான இகோர் பிளெகானோவ் 1964 இலும் 1965 இலும் உலகச் சம்பியன் போட்டிகளில் எசோவில் ஓடி இரண்டாம் இடத்தைப் பெற்றார். (மார்க்சிய அறிஞர் பிளெகானோவின் பெயரைத் தாங்கிய இவர் ஊபா நகரத்தவர், இரும்புக் காலணியோடு தத்துவம் பேசியதாகத் தகவல் இல்லை.) நியூசிலாந்தவரான பரி பிரிக்ஸ் எசோவைப் பிரித்தானியாவில் அறிமுகஞ்செய்து விற்றதோடு, 1966 இல் அதிலேயே ஓடி உலகச் சம்பியனானார். எசோ தொழிற்சாலை 1964 இல் ஜாவா நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருந்தமையால் அதன்பின் எஞ்சினின் பெயரும் ஜாவாவாயிற்று. 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து சம்பியனான ஐவன் மோகர் ஓட்டியது ஜாவாவே. டொட்டன்ஹாம் எஞ்சின் சில ஆண்டுகளுக்குள் நூதனசாலைப் பொருளாயிற்று.

சோஷலிச நாட்டின் பட்டறையொன்று முதலாளித்துவத் தனியுரிமையை முறியடித்தது என மகிழ்வோர் அடுத்து நடந்ததையும் பார்க்கவேண்டும். ஜாவாவுக்குப் போட்டி இல்லாது போகவே அதுவும் உறங்கத் தொடங்கியது. இரண்டு வால்வு எஞ்சின் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ரை நகரிலிருந்த வெஸ்லேக் நிறுவனம் நான்கு வால்வு எஞ்சினொன்றை வெளியிட்டது. 1976 இல் பீற்றர் கொலின்ஸ் அதில் ஓடி உலகச் சம்பியனானார். 1930 இல் ரட்ஜோடு மறைந்துபோன நான்கு வால்வு அமைப்பு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மண்பாதைக்குத் திரும்பி வந்தது.

அதே காலத்தில், அவுஸ்திரேலிய ஓட்டுநரான நீல் ஸ்றீற், எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்த ஜாவா எஞ்சினின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு, அதன்மேற் பூட்டத்தக்க நான்கு வால்வுத் தலைப்பகுதி ஒன்றை உருவாக்கினார். புதிய எஞ்சின் வாங்கப் பணமில்லாதவரும் பழையதை மாற்றியமைத்து ஓடலாம். 1975 இல் அவருடைய மருமகன் பில் கிரம்ப் அதைக் கொண்டு பிரித்தானியப் பாதைகளில் வெற்றிமேல் வெற்றி பெற்றார். பின்னர் டிவிஷோவ் தொழிற்சாலையும் நான்கு வால்வு எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. அவற்றின் தாங்கிகளில் ஜாவா என்னும் பெயரே எழுதப்பட்டிருந்தது.